வைசாகிக்கு ஒரு தலைப்பாகை

தலையைச் சுற்றி ஏழாவது சுற்று வந்தபோது சேதுராமனின் வலது காது உள்ளே போய்விட்டது. இடது காது வெளியே நின்றது. அதை உள்ளே தள்ளினால் வலது காது வெளியே வந்தது.

"ரெண்டும் உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா, அதை முதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள் பானுமதி. துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் துணி அவளுடைய ஆரஞ்சு நிற வாயில் புடவை. போன வருஷம் ஊரிலிருந்து வரும்போது எடுத்தது. இன்னும் மூன்று தடவைகூடக் கட்டவில்லை.

சேதுராமன் கண்ணாடியைப் பார்த்தார். தலையில் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவர் மாதிரி இருந்தது. மகள் தன்யா கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, "அப்பா, ப்ளீஸ், இதைப் போட்டுக்கிட்டு வெளிய வராதீங்க. கீழ என் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் பல்ராம் சிங் வீட்டில் வைசாகி விருந்து. இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

சேதுராமனுக்குச் சொந்த ஊர் மாயவரம். மஸ்கட்டில் ரூவிக்கு வந்து பதினோரு வருஷம். கான்கிரீட் கலக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், சாரக்கம்பி என்று கட்டட வேலைக்கு வேண்டியதையெல்லாம் வாடகைக்கு விடும் கம்பெனியில் ஆபீஸ் சூப்பர்வைசர். முதலாளி ஓமானிக்காரர், அர்பாப் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அர்பாபுக்கு இருந்த வாடிக்கையாளர்களிலேயே பெரியவர் சோஹார் துறைமுகப் பக்கம் காண்ட்ராக்ட் எடுத்திருந்த ஹர்பால் சிங் என்ற சர்தார்ஜி. பழைய மேனேஜருக்கும் அவருக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை. சர்தார்ஜி போனில் கோபத்தில் பஞ்சாபியில் இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் ஒருவருக்கும் புரியாது. பார்த்தார் அர்பாப். சவுதியில் அல் கோபாரில் இருக்கும் கிளையின் ஆள் பட்டியலை வரவழைத்து, அதில் சிங் என்று முடிந்த ஒரே பெயரைத் தொட்டு, இந்தப் பஞ்சாபியை இங்கே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் மார்ச் இருபது தேதிவாக்கில் பல்ராம் சிங் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது. தாடி இல்லை, தலைப்பாகை இல்லை, நல்ல அடர்த்தியான மீசை மட்டும். பஞ்சாபிகள் எல்லாருமே தலைப்பாகை வைப்பதில்லை, பண்டிகைக்கு மட்டும் கட்டுகிறவர்களும் உண்டு என்று ஆபீஸில் யாரோ விளக்கம் சொன்னார்கள். மனிதர் பேச்சில் ரொம்பச் சிக்கனம். 'அச்சா' என்பார், 'டீக் ஹை' என்பார், மீதியை இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிடுவார். சேதுராமன் அறைக்குள் வந்தால் அதுவும் கிடையாது. 'ம்' என்பதோடு சரி. தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று சேதுராமன் மனதுக்குள் குமைந்துபோனார்.

குமைவதற்குக் காரணம் இருந்தது. ஆபீஸில் இரண்டு சூப்பர்வைசர் தேவையில்லை, ஒருவர் போதும், யார் என்பதைப் புது மேனேஜரே பார்த்துச் சொல்லட்டும் என்று அர்பாப் சொல்லியிருந்தார். சேதுராமனின் விசா மே மாதத்தோடு முடிகிறது. தன்யா ஏழாம் வகுப்பு. இந்த நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு மாயவரம் போய் என்ன செய்வது என்று யோசித்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் தன்யாவின் பள்ளிக்கூடக் காலண்டர் கண்ணில் பட்டது. ஏப்ரல் பதினாலு, வெள்ளி, வைசாகி என்று போட்டிருந்தது. பஞ்சாபில் கோதுமை அறுவடைப் பண்டிகை. அதே கட்டத்தில் விஷு, தமிழ்ப் புத்தாண்டு என்றும் போட்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

மறுநாளே மேனேஜர் அறைக்குப் போனார். பதினோரு வருஷம் சைட்டில் கற்ற ஹிந்தியைத் தூசி தட்டி, "சத் ஸ்ரீ அகால் சார். பதினாலாம் தேதி உங்க வைசாகி வருதே" என்றார்.

பல்ராம் சிங் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து அதை எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. உனக்குப் பஞ்சாபி தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்று சேதுராமன் துணிந்து பொய் சொன்னார். சத் ஸ்ரீ அகால் என்ற வணக்கத்துக்கு மேல் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. மேனேஜர் சன்னல் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, அன்றைக்குக் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வா என்றார்.

பிறந்த மண்ணின் பண்டிகையை ஒருவன் ஞாபகம் வைத்துக் கேட்டதில் மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று சேதுராமன் எடுத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், நாங்கள் எல்லாரும் பஞ்சாபி உடையிலேயே வருகிறோம் என்றும் சொல்லிவைத்தார். அதெல்லாம் வேண்டாம் என்று பல்ராம் சிங் இரண்டு தடவை சொன்னார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று சேதுராமனுக்குப் பட்டது.

செய்தி அர்பாப் காதுக்குப் போனது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே சோஹாருக்குப் போன் போட்டு, எங்கள் மேனேஜர் வீட்டில் உங்கள் பண்டிகை, நீங்களும் வர வேண்டும் என்று ஹர்பால் சிங்கையும் அழைத்துவிட்டார். அவரும் வருகிறேன் என்றார். அன்று சாயங்காலம் பல்ராம் சிங் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். சேதுராமனுக்கும் அப்போதுதான் உறைத்தது. மேனேஜரையாவது 'ஹாங் ஜி', அதாவது ஆமாங்க, என்று சமாளிக்கலாம். நிஜமான சர்தார்ஜி எதிரில் உட்கார்ந்து பஞ்சாபியில் பேச ஆரம்பித்தால் என்ன செய்வது?

பேச்சுதான் வராது, உடையாவது சரியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அதில் தொடங்கியதுதான் இந்தப் புடவை விவகாரம்.

பானுமதிக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை. நம் வருஷப்பிறப்பு அன்றைக்கு வீட்டில் விளக்கேற்றிப் பாயசம் வைக்காமல் யார் வீட்டிலோ போய் வேஷம் கட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்டாள். விசா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் இதுவரை சுடிதார் போட்டதில்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ரூவி ஹைஸ்ட்ரீட்டில் ஒரு ரெடிமேட் கடையில் பாட்டியாலா சல்வார் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் இடுப்பைச் சுற்றி இன்னொருவருக்கும் இடம் இருந்தது. தெருமுனை சியால்கோட் தையல்காரரிடம் பிடிக்கக் கொடுத்தார்கள். அவர் அளவைக் கவனமாகக் குறித்துக்கொண்டு, கணுக்காலில் பிடித்துவிட்டார். இப்போது இடுப்பு அப்படியேதான் இருந்தது. கால் உள்ளே போகமாட்டேன் என்றது. தன்யா ஓரத்தைப் பிளேடால் பிரித்து, ஸ்டேப்ளர் அடித்துச் சரி செய்தாள். நடந்தால் ஸ்டேப்ளர் பின் குத்தியது. அதனால் பானுமதி பஞ்சாபி உடையில் அளந்து அளந்து, பரதநாட்டியம் ஆடுகிறவள் மாதிரி நடந்தாள்.

தலைப்பாகைதான் பெரிய பாடு. புடவை சரிப்படாமல் போனதும், ஒரு முறை தைத்து நிரந்தரமாக வைத்துக்கொண்டால் என்ன என்று பானுமதிக்குத் தோன்றியது. சேதுராமனின் தலை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேல் துணியைச் சுற்றி ஊசிநூல் போட்டுத் தைத்தாள். பார்க்கக் கச்சிதமாகத்தான் இருந்தது. அவர் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் ஹாலில் உட்கார்ந்தார். கழற்ற முயன்றபோது வரவில்லை. வியர்வையில் கிண்ணம் தலையோடு பிடித்துக்கொண்டது. தேங்காயெண்ணெயை ஓரமாக ஊற்றி, தன்யா கிண்ணத்தையும் பானுமதி அவரையும் பிடித்து இழுத்ததில், காலி டின் திறக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு விடுபட்டது. நெற்றியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு முனியசாமி ஞாபகம் வந்தது. முனியசாமி கம்பெனியின் வெல்டர், பரமக்குடிப் பக்கம். வாடி கபீரில் லேபர் கேம்பில் இருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டதும், "அண்ணே, நம்ம ரூமுக்கு அடுத்த ரூம்ல ஜக்தார்னு ஒரு பஞ்சாபிக்காரர் இருக்காரு, மேஸ்திரி. நாளைக் காலையில வாங்க, கட்டிவிடச் சொல்றேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு சேதுராமன் கேம்புக்குப் போனார். ஜக்தார் குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டுத் தயாராக இருந்தார். இது எதற்கு என்று முதலில் கேட்டார். வேஷப் போட்டிக்கென்றால் கட்டமாட்டேன் என்றும் சொன்னார். மேனேஜர் வீட்டு வைசாகிக்கு மரியாதைக்காகக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று சேதுராமன் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. தன் பெட்டியிலிருந்தே குங்குமப்பூ நிறத்தில் ஒரு துணியை எடுத்தார். ஒரு முனையை முனியசாமி கையில் கொடுத்து, அறைக்குக் குறுக்கே இழுத்து, நீவி மடித்து, பத்தே நிமிஷத்தில் கட்டி முடித்தார். கண்ணாடியில் பார்த்த சேதுராமன் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். அதில் இருந்த ஆளை அவருக்கே பிடித்திருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் கழற்றக் கூடாது. எங்கேயும் கீழே வைக்கவும் கூடாது" என்று ஜக்தார் ஹிந்தியில் சொல்லி, தோளைத் தட்டி அனுப்பினார்.

கட்டு பிரமாதம். கார்தான் இடித்தது. சேதுராமனின் கார் சின்னது; தலைப்பாகையோடு நேராக உட்கார்ந்தால் கூரை தட்டியது. சீட்டைச் சாய்த்தால் ஸ்டியரிங் எட்டவில்லை. கடைசியில் சன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். வீட்டுக்கு வந்து மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அல் குவைர் பக்கம் திரும்புவதற்குள் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டிவிட்டார்.

இளவயது போலீஸ்காரர். லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். அதில் வழுக்கைத் தலையோடும் நெற்றி நிறைய விபூதியோடும் ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் படத்தையும் ஆளையும் நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று கேட்டார். நான்தான் என்றார் சேதுராமன். அப்படியானால் இவர் யார் என்று தலைப்பாகையைக் காட்டிக் கேட்டார். இதுவும் நான்தான் என்றார் சேதுராமன். கழற்றிக் காட்டலாம் என்றால் ஜக்தார் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பின்சீட்டிலிருந்து தன்யா எட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் படித்த அரபியில் ஏதோ விளக்கினாள். பாட்டியாலா சல்வாரில் இருந்த பானுமதியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார் போலீஸ்காரர். சிரித்துவிட்டார். பண்டிகை வாழ்த்தும் சொன்னார். ஆனால் தலையை வெளியே விட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது, காரை இங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

பிறகு மூவரும் ஆரஞ்சும் வெள்ளையும் அடித்த மினிபஸ் ஒன்றில் ஏறினார்கள். பஸ்ஸில் இருந்த பட்டாணியர் ஒருவர் எழுந்து, "ஆயியே சர்தார்ஜி" என்று இடம் கொடுத்தார். சேதுராமன் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். தன்யா சன்னல் பக்கம் திரும்பி, யாரோ போல உட்கார்ந்துகொண்டாள். ஏப்ரல் வெயிலில் பஸ்ஸின் ஏசி வேலை செய்யவில்லை. தலைப்பாகைக்குள் வியர்வை ஓட ஆரம்பித்தது. ஒரு இடத்தில் அரித்தது. விரலை விட்டுச் சொறிந்தார். அதிலிருந்து பின்பக்கம் ஒரு சுற்று லேசாகத் தளர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

பல்ராம் சிங்கின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவரைப் பார்த்து சேதுராமனுக்கு மூச்சு நின்றது. மேனேஜரும் பளபளவென்று நீல நிற ஜிப்பா, கறுப்பு வெயிஸ்ட் கோட், தலையில் சரிகை வைத்த தலைப்பாகை. சேதுராமனைப் பார்த்து அவருக்கும் மூச்சு நின்றது போலிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, "சத் ஸ்ரீ அகால்" என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

மேனேஜரின் மனைவி கமலாவும் சல்வார் கமீஸில்தான் இருந்தார். பானுமதிக்கு ஹிந்தி தெரியாது. கமலா 'ஆவோ ஜி' என்றார், 'பைட்டோ ஜி' என்றார், அதற்கு மேல் அவரும் பேசவில்லை. பெரிய இடத்துப் பெண்கள் அதிகம் பேசமாட்டார்கள் போலிருக்கிறது என்று பானுமதி நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சிரித்தார்கள். கன்னம் வலித்தது என்று பின்னால் பானுமதி சொன்னாள். சாப்பாடு முழுவதும் ரூவியில் ஒரு பஞ்சாபி ஓட்டலிலிருந்து வந்திருந்தது. மேஜைமேல் அலுமினிய டப்பாக்கள் அப்படியே இருந்தன.

ஒரு மணிக்கு ஹர்பால் சிங் வந்தார்.

அறுபது வயது இருக்கும். அரைக்கை சட்டை, சாதாரண பேன்ட், எளிமையாக ஒரு வெள்ளைத் தலைப்பாகை. அறைக்குள் காலை வைத்ததும் ஜிகினாவும் குங்குமப்பூவுமாக நின்ற இரண்டு பேரையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சேதுராமனுக்கு உயிர் போய்விட்டது. தவறாக எடுத்துக்கொண்டுவிட்டார், வேலை போச்சு, தன்யாவின் டீசியை வாங்க வேண்டியதுதான் என்று மனம் மாயவரம் வரைக்கும் போய் வந்துவிட்டது.

ஹர்பால் சிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக வளைகுடாவில் இருக்கிறேன், இந்த நாளில் எப்போதும் ஏதாவது ஒரு சைட்டில்தான் நின்றிருக்கிறேன், எனக்காக ஒரு வீட்டில் வைசாகி வைத்தது இதுதான் முதல் தடவை என்று ஹிந்தியில் சொன்னார். இரண்டு பேரையும் ஒரே அணைப்பில் சேர்த்துக்கொண்டார். இவர் எங்கள் மதராசி சூப்பர்வைசர், பஞ்சாபியும் தெரியும் என்று மேனேஜர் சேதுராமனை அறிமுகம் செய்தார்.

அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு அவர் உட்கார்ந்து, லஸ்ஸியைக் கையில் வாங்கிக்கொண்டு, பஞ்சாபிக்கு மாறினார்.

கரை உடைத்த வாய்க்கால் மாதிரி வந்தது பேச்சு. பல்ராம் சிங் "ஹாங் ஜி" என்றார். சேதுராமனும் "ஹாங் ஜி" என்றார். சர்தார்ஜி ஏதோ கேள்வி கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹாங் ஜி" என்றார்கள். கேள்விக்கு அது பதில் இல்லை போலிருக்கிறது. அவர் புருவத்தைச் சுருக்கி, மேனேஜரிடம் மறுபடி நிறுத்தி நிதானமாகக் கேட்டார். அதில் 'பிண்டு' என்ற ஒரு வார்த்தை சேதுராமனுக்குப் பிடிபட்டது. காலையில் ஜக்தார் வாயில் கேட்ட வார்த்தை, கிராமம் என்று அர்த்தம். எந்தக் கிராமம் என்று கேட்கிறார்.

பல்ராம் சிங்குக்குப் புரை ஏறியது. லஸ்ஸி மூக்கில் ஏறி, இருமி, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். கமலா தண்ணீரோடு ஓடிவந்தார். சர்தார்ஜி, சரி நீ சொல் என்பது போல் சேதுராமன் பக்கம் திரும்பினார்.

மேனேஜர் தேறி வருவதற்குள் அடுத்த கேள்வி தனக்குத்தான் என்று சேதுராமனுக்குத் தெரிந்துபோயிற்று. யோசிக்க நேரமில்லை. "தன்யா, பாட்டைப் போடும்மா" என்றார்.

தன்யா பள்ளி ஆண்டு விழாவுக்கு பாங்க்ரா ஆடியவள். அந்த சிடியை எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தாள். டோல் மேளச் சத்தம் ஆரம்பித்ததும் சேதுராமன் எழுந்து ஆடினார். அவர் வாழ்க்கையில் ஆடியதில்லை. உயரத்து அலமாரியிலிருந்து டப்பா எடுப்பது போல் இரண்டு கையையும் தூக்கி, ஒரு காலை மடக்கி, சுற்றி வந்தார். தன்யா முகத்தை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நின்றாள். பிறகு அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் அவளும் சேர்ந்துகொண்டாள். பல்ராம் சிங் இருமலை நிறுத்திவிட்டுக் குதித்து எழுந்தார். அவர் ஆட்டமும் சேதுராமனுடையதைப் போலவே இருந்தது. ஹர்பால் சிங் லஸ்ஸியை வைத்துவிட்டு, 'ஹோய்' என்று ஒரு குரல் கொடுத்து நடுவில் வந்தார். அதற்குப் பிறகு யாரும் எந்தக் கிராமம் என்று கேட்கவில்லை.

மூன்றாவது சுற்றில் சேதுராமனின் தலைப்பாகை பிரிந்தது. பஸ்ஸில் தளர்ந்த முனை முதலில் தோளில் விழுந்தது, பிறகு முழுத் துணியும் பின்னால் வாலாக நீண்டது. கீழே விழாமல் பானுமதி பாய்ந்து பிடித்தாள். காலில் ஸ்டேப்ளர் பின் நாலும் தெறித்தன.

ஹர்பால் சிங் பாட்டை நிறுத்தச் சொன்னார்.  சேதுராமன் வழுக்கைத் தலையோடு, திட்டு வாங்கத் தயாராக நின்றார். சர்தார்ஜி அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பானுமதி கையிலிருந்து துணியை வாங்கி, மடித்து, தன் கையாலேயே சுற்றிச் சுற்றிக் கட்டினார்.  முடித்ததும் நெற்றியில் தட்டி, "ஹுண் டீக் ஹை", இப்போது சரி, என்றார். 

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, உன் தலைப்பாகையும் கோணலாக இருக்கிறதே என்று தொட்டார். அது தொப்பி மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கடையில் வாங்கிய ரெடிமேட். பல்ராம் சிங் தலையைக் குனிந்துகொண்டார். சர்தார்ஜி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சவுதியில் இத்தனை வருஷம் இருந்தால் எந்தப் பஞ்சாபிதான் கட்டுவதற்கு ஞாபகம் வைத்திருப்பான், இந்த மதராசி உன்னைவிடத் தேவலை என்றார். போகும்போது, அடுத்த இரண்டு வருஷத்துக்கும் இயந்திரமெல்லாம் உங்களிடம்தான் என்று கைகொடுத்து உறுதி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் காரின் சத்தம் தெருவில் மறைந்ததும் பல்ராம் சிங் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டென்று எழுந்து வந்து சேதுராமனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நீ இன்றைக்கு ஆடாமல் இருந்திருந்தால் நான் தொலைந்தேன் என்று ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். சனிக்கிழமை முதல் வேலையாக உன் விசா தாளை எடுத்து வா, கையெழுத்துப் போடுகிறேன், நீ இங்கேதான் இருக்கிறாய் என்றார்.

தான் ஆடியதில் மேனேஜர் எப்படிப் பிழைத்தார் என்று சேதுராமனுக்கு விளங்கவில்லை. பெரிய வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போனதைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை "சத் ஸ்ரீ அகால்" சொல்லி விடைபெற்றார்.

மூன்று பேரும் லிஃப்டில் இறங்கினார்கள். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது போல சேதுராமனுக்கு இருந்தது. விசா உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. கூடுதலாக, மேனேஜருக்குத் தன்னைப் பிடித்தும் இருக்கிறது. "அப்பா, நீங்க ஓரளவு ஓகேவாத்தான் ஆடினீங்க" என்றாள் தன்யா. வீட்டுக்குப் போனதும் சேமியா பாயசம் வைக்கிறேன், வருஷப்பிறப்பு இன்னும் முடிந்துவிடவில்லை என்றாள் பானுமதி.

கட்டடத்தின் வாசல் கதவு பின்னால் சாத்திக்கொண்ட பிறகுதான் அவள் கைப்பையை மேலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. வீட்டுச் சாவி அதற்குள் இருந்தது. சேதுராமன் வாசல் சுவரில் இருந்த இன்டர்காமில் மூன்றாவது மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, தலைப்பாகையைச் சரி செய்து, 'கமலா ஜி' என்று ஆரம்பிக்கத் தயாராக நின்றார்.

மேலே யாரோ ரிசீவரை எடுத்தார்கள். ஹலோ சொல்வதற்கு முன்னால், அறைக்குள் இருக்கும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த கமலாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இருங்க, அந்தத் தலைப்பாகையை இப்பவே கழட்டாதீங்க, கீழ யாரோ திரும்பி வந்துக்கிறாங்க, நீங்க தலைமுறை தலைமுறையா வேலூர்ல இருக்கிற சிங்குன்னு அந்த மாயவரத்துக்காரருக்கு மட்டும் தெரிஞ்சுது, மூணு வாரமா வாயைக் கட்டிக்கிட்டு நாம பஞ்சாபிக்காரங்களா இருந்ததெல்லாம் வீணாப் பூடும்."